ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குத் தருவதாகச் சொன்ன பணம் எங்கே?

#1 காகிதக்கப்பல்

வணக்கம். பொருளாதாரத்தை முறையாகப் படித்தவன் இல்லை நான், ஆர்வத்தில் வாசிப்பவன். ஒரு சந்தேகம் நாளாக நாளாகப் பெரிதாகிக்கொண்டே போகிறது, அதனால் இங்கே கொட்டுகிறேன்.

ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ரிக்கார்டோ 1817-ல் போட்ட துணி–ஒயின் கணக்கைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரு குறிப்பிட்ட அளவு துணிக்கு இங்கிலாந்தில் 100 பேரின் ஓராண்டு உழைப்பு வேண்டும், ஒயினுக்கு 120 பேர். போர்ச்சுகலில் துணிக்கு 90, ஒயினுக்கு 80. இரண்டிலுமே போர்ச்சுகல்தான் கெட்டிக்கார நாடு. இருந்தும் அது ஒயினை மட்டும் செய்துகொண்டு துணியை இங்கிலாந்திடம் வாங்கினால் இரண்டு பேருக்கும் லாபம். தாளை எடுத்து நானே போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது.

அப்படியென்றால் இந்தக் கணக்கு பிறந்த நாடே 2016 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற 51.9 சதவீதம் வாக்களித்தது ஏன்? அதை உலகத்துக்கெல்லாம் போதித்த அமெரிக்கா 2017 ஜனவரியில் பசிபிக் நாடுகளின் கூட்டு வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து விலகியது. 2018-ல் இரும்புக்கு 25 சதவீதம், அலுமினியத்துக்கு 10 சதவீதம் வரி. 2025-ல் ஏறக்குறைய உலகம் முழுவதற்கும் வரி. இத்தனைக்கும் இரண்டும் முன்னைவிடப் பணக்கார நாடுகள்தான்.

மக்களுக்குக் கணக்கு புரியவில்லையா, கணக்கிலேயே ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா? தயவுசெய்து "அரசியல்வாதிகள் தூண்டிவிட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அதைத் தொலைக்காட்சியில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

#2 மணல்கடிகாரம்

நல்ல கேள்வி. ரிக்கார்டோவின் கணக்கில் உழைப்பு என்ற ஒன்று மட்டும்தான் உண்டு. துணி நெய்தவர் மறுநாள் காலையில் எந்தச் சிரமமும் இல்லாமல் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விடுவார். வீட்டுக்கடன், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, இருபது வருடம் பழகிய கைத்தொழில், எதுவும் அந்தக் கணக்குக்குள் வராது.

1941-ல் ஸ்டால்பர், சாமுவேல்சன் என்ற இருவர் இதைக் கொஞ்சம் விரித்துப் போட்டார்கள். உழைப்பு, மூலதனம் என்று இரண்டைத் தனித்தனியே வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? ஒரு நாட்டில் எது அரிதாக இருக்கிறதோ, வர்த்தகம் திறந்ததும் அதற்குக் கிடைக்கும் உண்மை வருமானம் குறையும். 'மற்றவர்களைவிட மெதுவாக உயரும்' என்று அவர்கள் சொல்லவில்லை. குறையும் என்றுதான் சொன்னார்கள். பணக்கார நாட்டில் மூலதனம் கொட்டிக்கிடக்கிறது, படிப்பு அதிகமில்லாத தொழிலாளியின் உழைப்புதான் அங்கே ஒப்பீட்டளவில் அரிது. மீதியை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

ஆகவே பாடப்புத்தகம் பொய் சொல்லவில்லை. நாட்டின் மொத்த வருமானம் உயரும் என்றது, உயர்ந்தது. சிலர் தோற்பார்கள் என்றது, தோற்றார்கள். இரண்டாவது வரியை மேடையில் யாரும் படித்துக் காட்டவில்லை.

அதைவிடச் சுவாரசியமான இடம் ஒன்று இருக்கிறது. சிலர் ஜெயித்துச் சிலர் தோற்கும்போது, ஒரு கொள்கை நல்லதா கெட்டதா என்று எப்படிச் சொல்வது? 1939-ல் கால்டர் என்ற பொருளாதார அறிஞர் ஒரு வழி சொன்னார். ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு முழு இழப்பீடு கொடுத்த பிறகும் கையில் மிச்சம் இருக்குமானால் அந்தக் கொள்கை நல்லது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் என்ன தெரியுமா? இங்கிலாந்தின் தானியச் சட்டம். 1815-ல் நிலக்கிழார்களைக் காப்பதற்காகக் கொண்டுவந்து 1846-ல் நீக்கிய அதே இறக்குமதித் தடுப்பு. சரி, அந்த இழப்பீட்டை உண்மையிலேயே கொடுக்க வேண்டுமா? அது அரசியல் கேள்வி, பொருளாதார நிபுணராக நான் அதில் கருத்துச் சொல்ல முடியாது என்கிற பொருளில் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார்.

கொடுக்க 'முடியும்' என்றாலே போதும், கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. காகிதக்கப்பல், நீங்கள் தேடும் ஓட்டை இதுதான் என்பது என் எண்ணம்.

#3 திண்ணைவாசி

"அது அரசியல் கேள்வி" என்றால் "என் தலைவலி இல்லை" என்று அர்த்தம். படித்தவர்கள் மரியாதையாகச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

#4 எதிர்நீச்சல்

இந்த இழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிகிறது, அதனால் எதிர்ப்பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு எண். உலக வங்கியின் கணக்குப்படி நாற்பது ஆண்டுகளில் சீனாவில் மட்டும் சுமார் 80 கோடிப் பேர் கொடிய வறுமையைத் தாண்டினார்கள். மனித வரலாற்றில் இந்த வேகத்தில் இது நடந்ததே இல்லை. திறந்த சந்தைகள் இல்லாமல் அது நடந்திருக்காது. பணக்கார நாட்டின் ஒரு தொழிலாளி வேலை இழந்தால் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. எங்கோ ஒரு கிராமத்துப் பெண் முதல் முறையாகச் சம்பளம் என்ற ஒன்றை வாங்கினால் அதை யார் எழுதுகிறார்கள்?

இரண்டாவது, தொழிற்சாலை வேலைகளைப் பறித்தது இயந்திரம். ரோபோவுக்கு வாக்காளர் முன்னால் முகம் கிடையாது, அந்நிய நாட்டுக்கு உண்டு. அதனால்தான் கோபம் அந்தப் பக்கம் திரும்புகிறது.

#5 மணல்கடிகாரம்

முதல் பாதியில் எனக்கு மறுப்பே இல்லை. இரண்டாவதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

அமெரிக்காவில் 1970 முதல் 2000 வரை தொழிற்சாலை வேலைகள் பெரும்பாலும் 1.7 கோடிக்கும் 1.9 கோடிக்கும் இடையில்தான் இருந்தன. அந்த முப்பது வருடமும் இயந்திரம் வராமல் இல்லை. 2000-ல் சுமார் 1.73 கோடி. 2010-ல் சுமார் 1.15 கோடி. பத்தே வருடத்தில் இந்தச் சரிவு. நடுவில் 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது, 2008-ல் நிதி நெருக்கடி வந்தது. ஆட்டோர், டோர்ன், ஹான்சன் என்ற பொருளாதார ஆய்வாளர்களின் குழுவினர் இதைப் பிரித்தெடுத்தபோது, 1999 முதல் 2011 வரை சீன இறக்குமதிப் போட்டியால் போன வேலைகள், சுற்றுவட்டத் தொழில்களையும் சேர்த்து, 20 முதல் 24 லட்சம் என்று வந்தது. எல்லாப் பழியையும் சீனா மேல் போட இது போதாது. இயந்திரம் மேல் போட்டுவிட்டுத் தூங்கவும் விடாது.

எண்ணைவிட முக்கியம் அது எங்கே விழுந்தது என்பது. 24 லட்சம் வேலைகள் நாடு முழுவதும் பரவலாகப் போயிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், அமெரிக்க வேலைச்சந்தை அவ்வளவு பெரியது. ஆனால் மரச்சாமான், துணி, பொம்மை போன்ற தொழில்கள் கொத்துக் கொத்தாக ஒரே இடத்தில் இருப்பவை. வட கரோலினாவின் மரச்சாமான் ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலை மூடினால் ஆலைக்காரர் மட்டும் போவதில்லை. அவரிடம் முடிவெட்டிக் காசு வாங்கியவர், அவர் வீட்டு வரியை நம்பியிருந்த பள்ளிக்கூடம், எல்லாம் சேர்ந்து இறங்கும். வீட்டை விற்று வேறு ஊர் போகலாம் என்றால் வீட்டை வாங்க ஆள் இல்லை.

அந்த ஆய்வில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று. இறக்குமதி அடி வாங்கிய ஊர்களில் அரசு உதவித்தொகை கூடியது. ஆனால் வர்த்தகத்தால் வேலை இழந்தவருக்கென்றே வைத்திருந்த திட்டத்தின் வழியாக வந்தது சொற்பம். உடல் ஊனமுற்றோருக்கான உதவித்தொகை வழியாக வந்தது அதைப்போலப் பல மடங்கு. வேலை போன ஆரோக்கியமான மனிதர் கடைசியில் தன்னை நோயாளியாகப் பதிவுசெய்துகொண்டுதான் பிழைக்க வேண்டியிருந்தது.

#6 காகிதக்கப்பல்

அதற்கென்றே ஒரு திட்டம் இருந்ததா? அப்படியென்றால் இழப்பீடு கொடுக்கவே இல்லை என்று சொல்ல முடியாதே?

#7 மணல்கடிகாரம்

இருந்தது. 1962-ல் கென்னடி வர்த்தக விரிவாக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது தொழிற்சங்கங்களின் ஆதரவு தேவைப்பட்டது. இறக்குமதியால் வேலை போனால் உதவித்தொகை, மறுபயிற்சி, வேறு ஊருக்குக் குடிபெயரச் செலவு என்று வாக்குக் கொடுத்தார்கள். முதல் ஏழு ஆண்டுகளில் ஒரு தொழிலாளியின் மனுகூட ஏற்கப்படவில்லை. வரிக்குறைப்புதான் வேலையைப் பறித்தது என்று நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை அவ்வளவு இறுக்கமாக இருந்தது. 1974-ல் தளர்த்தினார்கள். அப்புறம் கூட்டினார்கள், குறைத்தார்கள். 2022 ஜூலையில் காலாவதியானபோது நாடாளுமன்றம் அதைப் புதுப்பிக்கவில்லை, புதிய மனுக்களை வாங்குவது நின்றுபோனது.

தொழிற்சங்கக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஈமச்சடங்குக் காப்பீடு'. செத்தபின் வரும் பணம்.

வர்த்தக ஒப்பந்தத்தால் லாபம் பார்க்கும் நிறுவனத்துக்கு முதலீட்டுப் பாதுகாப்பு, காப்புரிமை, தனித் தீர்ப்பாயம் என்று பக்கம் பக்கமாக எழுத்தில் உண்டு. நஷ்டப்படுபவருக்கு இருந்தது ஆண்டுதோறும் வெட்டக்கூடிய ஒரு பட்ஜெட் வரி. வித்தியாசம் அங்கே இருக்கிறது.

#8 பழைய_சுங்கம்

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். 22 வருடம் சுங்கத்தில் சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். தத்துவம் தெரியாது, தாள் தெரியும்.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். "அந்த நாட்டின் மேல் வரி போட்டோம்" என்று தலைவர்கள் சொல்லும்போது அந்த நாடு காசோலை எழுதி அனுப்புவது போலத் தோன்றும். அப்படி ஒரு தாளை நான் பார்த்ததே இல்லை. துறைமுகத்தில் வரி கட்டுபவர் இறக்குமதியாளர், அதாவது வரி போட்ட நாட்டுக்காரர். விற்பவர் விலையைக் குறைத்தால் பாரம் அவர் பக்கம் கொஞ்சம் நகரும். 2018 வரிகளை ஆராய்ந்தவர்கள், அமிட்டி, ரெடிங், வைன்ஸ்டீன் ஆகியோர், கிட்டத்தட்ட முழுப் பாரமும் அமெரிக்க வாங்குபவர் தலையிலேயே விழுந்தது என்று கண்டார்கள்.

சலவை இயந்திரக் கதை இதைவிட அழகு. 2018 ஜனவரியில் இறக்குமதிச் சலவை இயந்திரத்துக்குக் காப்புவரி போட்டார்கள். விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு வரியே கிடையாது, அதன் விலையும் ஏறியது! இரண்டையும் ஜோடியாகத்தானே வாங்குகிறார்கள், ஏற்றத்தைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள் விற்பவர்கள். உள்நாட்டில் செய்த இயந்திரத்தின் விலையும் கூடவே ஏறியது. புதிதாக வந்தது சுமார் 1,800 வேலைகள். வாங்குபவர்களுக்கு ஆன கூடுதல் செலவை வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு வேலைக்கு சுமார் 8,15,000 டாலர். அந்தப் பணத்தை நேராக அந்த 1,800 பேர் கையில் கொடுத்திருந்தால் அவர்கள் வேலைக்கே போயிருக்க வேண்டாம்.

இன்னொன்று, சுங்கப் பட்டியலில் ஒரு பொருளை எந்தத் தலைப்பில் வைப்பது என்பதே ஒரு தனி யுத்தம். எக்ஸ்-மென் என்ற காமிக்ஸ் கதையின் விசித்திர சக்தி கொண்ட நாயகர்களின் உருவங்கள் 'மனித உருவப் பொம்மையா', 'விளையாட்டுச் சாமானா' என்று அமெரிக்க வர்த்தக நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. மனித உருவப் பொம்மைக்கு 12 சதவீதம், விளையாட்டுச் சாமானுக்கு 6.8. இவர்கள் மனிதர்கள் அல்ல, ஆகவே விளையாட்டுச் சாமான் என்று 2003-ல் தீர்ப்பு வந்தது. இந்த மாதிரி ஓட்டையில் பிழைப்பு நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், வரி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு எங்களைப் போன்றவர்களுக்குக் கொண்டாட்டம்.

#9 திண்ணைவாசி

அந்த மனிதரா இல்லையா விஷயம்... எக்ஸ்-மென் கதையே அதைப் பற்றியதுதானே! நீதிபதி ஒரே வரியில் முடித்துவிட்டாரே.

#10 செங்காந்தள்

நீங்கள் எல்லாரும் 2016-ல் இருந்து கதையைத் தொடங்குகிறீர்கள். எனக்கு அதுதான் எரிச்சல்.

1999 நவம்பர் 30, சியாட்டில். உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாட்டு வாசலை ஆயிரக்கணக்கானவர்கள் மறித்தார்கள். இரும்பு ஆலைத் தொழிலாளியும் ஆமை வேடம் போட்ட சூழலியல்காரரும் ஒரே தெருவில் நின்றார்கள். நாளிதழ்கள் அவர்களை விவரமில்லாதவர்கள் என்று எழுதின. உள்ளே என்ன நடந்தது என்பதை யாரும் பெரிதாக எழுதவில்லை. முக்கியமான பேச்சைச் சில நாடுகள் மட்டும் மூடிய அறையில் நடத்துகின்றன என்று ஆப்பிரிக்க நாடுகளின் பிரதிநிதிகள் கொதித்துப்போயிருந்தார்கள். மாநாடு முறிந்தது.

விதிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். பருத்தி வழக்கைப் பாருங்கள். அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்குக் கொடுக்கும் மானியம் விதிமீறல் என்று பிரேசில் 2002-ல் வழக்குப் போட்டு ஜெயித்தது. மேல்முறையீட்டிலும் ஜெயித்தது. அமெரிக்கா மானியத்தை நிறுத்தியதா? பழிவாங்கும் வரி வரப்போகிறது என்றதும் 2010-ல் ஒரு ஏற்பாடு செய்தது. ஆண்டுக்கு 14.73 கோடி டாலரைப் பிரேசில் பருத்தித் துறைக்கு அமெரிக்காவே கொடுக்கும்! தன் விவசாயிக்குக் கொடுக்கும் மானியத்தைத் தொடருவதற்காக அடுத்த நாட்டு விவசாயிக்கும் பணம். 2014-ல் இன்னொரு 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை மூடினார்கள். பிரேசிலுக்கு வழக்கறிஞர் வைக்க வசதி இருந்தது. அதே பருத்தியை நம்பியிருந்த மாலி, புர்கினா ஃபாசோ, பெனின், சாட் நாடுகள் 2003 கான்கூன் மாநாட்டில் கெஞ்சிப் பார்த்தன, ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்றைக்கு வாஷிங்டன் உள்நாட்டுத் தொழிலைக் காப்பது பற்றிப் பேசுகிறது. இந்தோனேசியா தன் நிக்கல் தாதுவை அப்படியே ஏற்றுமதி செய்வதை 2020-ல் நிறுத்தி, இங்கேயே உருக்குங்கள் என்றபோது ஐரோப்பிய ஒன்றியம் வழக்குப் போட்டது, 2022-ல் தீர்ப்பு இந்தோனேசியாவுக்கு எதிராக வந்தது. ஏழை நாடு செய்தால் விதிமீறல், பணக்கார நாடு செய்தால் தொழிற்கொள்கை.

#11 எதிர்நீச்சல்

@செங்காந்தள் தோழர், பருத்தி விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் நீங்கள் காட்டும் அநியாயம் 'திறந்த வர்த்தகம் போதவில்லை' என்பதால் வந்தது. மானியத்தை வெட்டு என்பது என் வாதம், உங்களுடையது அல்ல.

இந்தோனேசியா கதையின் முடிவையும் சொல்லிவிடுங்கள். தீர்ப்பு வந்த அடுத்த மாதமே மேல்முறையீடு செய்தது. அதை விசாரிக்க ஆள் இல்லை. வழக்கு அந்தரத்தில் நிற்கிறது, தடை தொடர்ந்தது.

#12 காகிதக்கப்பல்

விசாரிக்க ஆள் இல்லை என்றால்?

#13 எதிர்நீச்சல்

உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டுக் குழுவில் ஏழு பேர் இருக்க வேண்டும். ஒரு வழக்கைக் கேட்கக் குறைந்தது மூன்று பேர். பதவிக்காலம் முடியும்போது புதியவரை நியமிக்க எல்லா உறுப்பு நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஒபாமா காலத்திலேயே 2016-ல் ஒரு கொரிய உறுப்பினரின் மறுநியமனத்தைத் தடுத்தார்கள். டிரம்ப் வந்தபின் எல்லா நியமனத்தையும். 2019 டிசம்பர் 11 அன்று ஒரே ஒருவர்தான் மிச்சம். பைடனும் அதை மாற்றவில்லை. அதனால் கீழ் மன்றத்தில் தோற்ற நாடு மேல்முறையீடு என்று ஒரு தாளைப் போட்டால் போதும், வழக்கு அப்படியே உறைந்துவிடும். இரண்டு கட்சிகளும் மாறி மாறிச் செய்த வேலை இது. ஒருவர் மேல் மட்டும் பழி போடாதீர்கள்.

பைடன் 2018 வரிகளில் பெரும்பாலானவற்றை வைத்துக்கொண்டது மட்டுமல்ல, 2024 மே மாதம் சீன மின்கார்களுக்கு வரியை 100 சதவீதமாக உயர்த்துவதாக அறிவித்தார்.

#14 பழைய_சுங்கம்

டிரம்ப் அறிவித்த 2025 ஏப்ரல் 2 வரிப் பட்டியல் பற்றி யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். யாரும் தொடவில்லை, சரி நானே சொல்கிறேன்.

ஒவ்வொரு நாடும் அமெரிக்கா மேல் இவ்வளவு வரி போடுகிறது, அதில் பாதியை நாங்கள் போடுகிறோம் என்று அட்டை தூக்கிக் காட்டினார்கள். என் தொழில் புத்தி, அந்த முதல் எண்ணை எந்த வரிப்பட்டியலிலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் பார்த்தால் அது வரியே இல்லை. அந்த நாட்டோடு அமெரிக்காவுக்கு இருக்கும் சரக்குப் பற்றாக்குறையை, அதாவது ஏற்றுமதியைவிட இறக்குமதி எவ்வளவு கூடுதலோ அதை, அங்கிருந்து வரும் இறக்குமதியால் வகுத்தால் வருவது. இந்தோனேசியா: பற்றாக்குறை 17.9, இறக்குமதி 28 பில்லியன் டாலர். வகுத்தால் 64 சதவீதம். அதில் பாதி 32. அவ்வளவுதான் சூத்திரம். அரசு வெளியிட்ட விளக்கத்தில் இரண்டு கிரேக்க எழுத்துகள் இருந்தன. ஒன்றின் மதிப்பு 4, இன்னொன்று கால் (0.25). பெருக்கினால் 1. இருந்தும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

ஆப்பிரிக்காவில் லெசோத்தோ என்று ஒரு சிறு நாடு. அமெரிக்காவுக்கு ஜீன்ஸ் தைத்து அனுப்புகிறது, பதிலுக்கு வாங்கக் கையில் பணம் இல்லை. அதனால் அதற்கு 50 சதவீதம்! ஏழையாக இருப்பதற்கு அபராதம். அண்டார்டிகா பக்கம் இருக்கும் ஹெர்ட், மெக்டொனால்டு தீவுகளில் மனிதர்களே கிடையாது, பெங்குவின்கள் உண்டு. அவற்றுக்கும் 10 சதவீதம்.

ஒரு வாரத்தில் சீனாவைத் தவிர மற்றவர்களுக்கு 90 நாள் நிறுத்திவைத்தார்கள். சீனாவுக்கு ஏறி ஏறி 145, அவர்கள் பக்கம் 125. ஜெனீவாவில் பேசி, 30, 10 என்று இறக்குவதாக மே 12 அன்று அறிவித்தார்கள். அந்த ஆறு வாரத்தில் கப்பலில் சரக்கு வைத்திருந்தவனின் நிலைமையை யோசியுங்கள். வரி எவ்வளவு என்பதைவிட நாளைக்கு எவ்வளவு என்று தெரியாததுதான் இந்தத் தொழிலில் ஆளைக் கொல்லும்.

#15 திண்ணைவாசி

பெங்குவின்கள் பதில் வரி எதுவும் போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விவரமான பறவைகள்.

#16 காகிதக்கப்பல்

இவ்வளவும் படித்தபின் என் கேள்வி இன்னும் சிக்கலாகிவிட்டது. வரி வேலையைத் திருப்பித் தராது, விலையை ஏற்றும், எதிரிநாடு திருப்பி அடிக்கும் என்று எல்லாம் ஆவணமாகவே இருக்கிறது. அப்படியும் வரி போடுகிறவருக்கு ஓட்டு விழுகிறதே? மணல்கடிகாரம் சொன்ன மாதிரி இழப்பீடு ஒழுங்காகக் கொடுத்திருந்தால் இந்தக் கோபம் வந்திருக்காதா?

#17 மணல்கடிகாரம்

என் வாதத்தில் எனக்கே உறுத்தும் இடத்தைத் தொட்டுவிட்டீர்கள்.

இழப்பீட்டு வாதத்துக்கு ஆதரவாக ஒன்று உண்டு. ரோட்ரிக் என்ற பொருளாதார அறிஞர் 1990-களிலேயே காட்டினார், வர்த்தகத்துக்கு அதிகம் திறந்த நாடுகளில் அரசின் செலவும் பொதுவாகப் பெரியது. சுவீடன், டென்மார்க் போன்றவை. திறந்த கடலில் படகு ஓட்டுபவன் மிதவைச் சட்டையும் வைத்துக்கொள்கிறான். ஜெர்மனியில் இன்னொரு விதம். சீனாவும் கிழக்கு ஐரோப்பாவும் எழுந்ததில் இறக்குமதியால் போன வேலைகளைவிட ஏற்றுமதியால் வந்த வேலைகள் அதிகம் என்று அங்கே ஆய்வு வந்திருக்கிறது.

ஆனால் அந்த நாடுகளிலும் திறந்த எல்லைகளை எதிர்க்கும் கட்சிகள் வளர்ந்தனவே! ஜெர்மனியில் வளர்ந்தது, சுவீடனில் வளர்ந்தது. அங்கே முன்னணியில் நிற்கும் கோபம் குடியேற்றம் பற்றியது. ஆகவே பணம் கொடுத்திருந்தால் எல்லாம் அமைதியாக இருந்திருக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

இன்னொரு ஆய்வு, 2024-ல் வந்தது, ஆட்டோரும் அதில் உண்டு. 2018–19 வரிகளால் பாதுகாக்கப்பட்ட தொழில்களில் வேலை கூடியதா? கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சீனாவின் பதிலடி வரியால் வேலை குறைந்தது, குறிப்பாக விவசாயத்தில். அரசு கொடுத்த மானியம் அதில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டியது. இவ்வளவும் ஆனபின், வரிப் பாதுகாப்புக் கிடைத்த ஊர்கள் வரி போட்டவருக்கு முன்னைவிட அதிகம் ஆதரவு கொடுத்தன.

இதை மடத்தனம் என்று சொல்லிவிடலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. இருபது வருடமாக "உங்கள் வேலை போனது இயற்கை, மழை மாதிரி, நீங்கள்தான் குடை வாங்கியிருக்க வேண்டும்" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம் முதல் முறையாக ஒருவர் வந்து "இது யாரோ எடுத்த முடிவு, உங்களுக்கு அநியாயம் நடந்தது" என்றார். அந்த வாக்கியத்தின் முதல் பாதி உண்மை. மருந்து தவறாக இருந்தாலும் நோயை ஒத்துக்கொண்ட வைத்தியர் அவர் ஒருவர்தான்.

#18 எதிர்நீச்சல்

முதல் பாதி உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். 2000-ல் சீனாவுக்கு நிரந்தர வர்த்தக அந்தஸ்து கொடுக்க அமெரிக்க நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது, மழை பெய்ததுபோல் நடக்கவில்லை. என் தரப்பு ஆட்கள் பலர் தோற்பவர்களைப் பற்றிப் பேசவே பயந்தார்கள், பேசினால் எதிரிக்கு ஆயுதம் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று. அது தப்பு. அதற்காக உலகம் முழுவதும் வரிச்சுவர் எழுப்பினால் அமெரிக்கா இறக்குமதி வரிகளை உயர்த்திய 1930-ன் ஸ்மூட்–ஹாலி சட்டம்தான் ஞாபகம் வருகிறது. 1,028 பொருளாதார நிபுணர்கள் கையெழுத்துப் போட்டு வேண்டாம் என்றார்கள். அதிபர் ஹூவர் அதையும் மீறிக் கையெழுத்திட்டார்.

#19 செங்காந்தள்

1,028 பேர் சொல்லியும் கேட்கவில்லை என்பது உங்களுக்குச் சோகக் கதை. அத்தனை பேர் சொல்வதையும் மக்கள் ஏன் நம்ப மறுக்கிறார்கள் என்பது என் கேள்வி. மணல்கடிகாரம் சொன்ன காரணத்தை என்னால் ஏற்க முடிகிறது, அதற்கு மேல் உங்களோடு ஒத்துப்போக விருப்பமில்லை.

#20 காகிதக்கப்பல்

கடைசியாக ஒன்று. அடுத்த அரசு வந்தால் இந்த வரிகளெல்லாம் போய்விடும் என்று நம்பலாமா?

#21 பழைய_சுங்கம்

கோழி வரி பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1960-களின் தொடக்கத்தில் மலிவான அமெரிக்க உறைகோழி மேற்கு ஜெர்மனியில் வந்து குவிந்தது. ஐரோப்பியர்கள் கோழிக்கு வரியை ஏற்றினார்கள். பதிலுக்கு அமெரிக்கா 1964 முதல் உருளைக்கிழங்கு மாவுச்சத்து, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சிறிய சரக்கு வாகனம், இந்த நான்குக்கும் வரி போட்டது. முதல் மூன்றை அப்புறம் விட்டுவிட்டார்கள். சரக்கு வாகனத்துக்கு அன்று போட்ட 25 சதவீதம் அறுபது வருடம் தாண்டியும் அப்படியே நிற்கிறது. கோழிச் சண்டை யாருக்கும் ஞாபகம் இல்லை, ஆனால் அந்த வரியின் நிழலில் வளர்ந்த தொழில் அதை எடுக்க விடாது.

ஃபோர்டு நிறுவனம் துருக்கியில் செய்த சிறிய வேனை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த கதை தெரியுமா? அப்போது சரக்கு வேன் என்றால் 25 சதவீதம், பயணிகள் வண்டி என்றால் 2.5. அதனால் பின்னிருக்கைகளைப் பொருத்திப் பயணிகள் வண்டியாக பால்டிமோர் துறைமுகத்தில் இறக்குவார்கள். வரியைக் கட்டிவிட்டு இருக்கைகளைக் கழற்றி எறிந்து சரக்கு வேனாக விற்பார்கள். வழக்கு வருடக்கணக்கில் ஓடி, 2024-ல் 36.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள்.

ஆக, உங்கள் கேள்விக்கு: நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

#22 திண்ணைவாசி

கழற்றிய இருக்கைகள் என்ன ஆயின?

#23 பழைய_சுங்கம்

துண்டுதுண்டாக அரைத்து மறுசுழற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருவர்கூட அதில் உட்கார்ந்ததில்லை.